துட்டும் பழவேற்காடும்

ஏலகிரி அடிவாரத்துச் சந்தையிற் காசைத் "துட்டு" என்பார் இன்றும் உளர். அதனைத் தமிழ்ச் சொல்லென்றே யானும் கருதியிருந்தேன். தமிழ்ப் பேரகராதியை நோக்கியபோது, அஃது ஒல்லாந்தராகிய டச்சுக்காரரின் சிறு செப்புக்காசொன்றின் பெயரெனக் கண்டு திகைத்தேன். கக்கூசும் அவர்கள் சொல்லே (தமிழ் மாணவனுக்கு இது சற்றே நாணந் தருவது). யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் அவ்வழி வந்ததே.

அச்சொற்களுக்குரியோர் வாழ்ந்த இடத்தைக் காண விழைவோர் பழவேற்காடு செல்க. 1610இல் அங்கு வாணிப உரிமை பெற்ற ஒல்லாந்தர், 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறுமளவும், சோழமண்டலக் கரையில் அவர்கள் வாணிபத்தை நடத்தியது இவ்விடத்திலிருந்தே. நம் நெசவாளர் நெய்த துணியைக் கீழைத் தீவுகளிற் கொடுத்தே அவர்கள் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் கொண்டனர். ஒல்லாந்தின் செல்வத்தில் நம் தறிகளுக்கும் பங்குண்டு.

துணி மட்டுமோ ஏறியது? பஞ்சகாலத்தில் தாய்தந்தையர் விற்ற மக்களும் இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர்.

1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இடிந்து புதர் மண்டியது. கல்லறைத் தோட்டமோ நிலைத்துள்ளது. அதன் வாயிலில் எலும்புருவங்கள் இரண்டு காவல் நிற்பனபோற் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே இறந்த ஒல்லாந்தரின் பெயரும் ஆண்டும் கல்லில் அழகுற வெட்டப்பட்டுள்ளன. கப்பலேறிய நம்மவர் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.