இடப்பெயர்களில் காவல் வரலாறு: பெத்தநாயக்கன்பேட்டை முதல் பூக்கடைக் காவல் மாவட்டம் வரை

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகரின் பூக்கடைக் காவல் மாவட்டப் பகுதியில் வழங்கும் பெத்தநாயக்கன்பேட்டை, கொத்தவால் சாவடி ஆகிய இடப்பெயர்கள் இரண்டும் பழைய காவல் பதவிகளின் பெயர்கள். இவற்றோடு அடையாற்றுப் பகுதியிலுள்ள எலியட்ஸ் கடற்கரை என்னும் பெயரையும் சேர்த்து நோக்கும்போது, நகரக் காவல் என்னும் பணி பரம்பரை உரிமையாகவும், அங்காடி மேற்பார்வையாகவும், ஊதியம் பெறும் அரசுப் பதவியாகவும் மாறிவந்த படிநிலைகள் புலனாகின்றன. இம்மாற்றத்தில் காவலர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினாவிற்கான விடையும் மாறியதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காவல், தலையாரி, கொத்தவால், சாவடி, போலீஸ், இடப்பெயராய்வு.

முன்னுரை

ஒரு நகரின் காவல் வரலாற்றை ஆணையர்களின் பெயர் வரிசையைக் கொண்டு எழுதுவது எளிது. சென்னையைப் பொறுத்தவரை அவ்வாறு எழுதின் வரலாறு 1856ஆம் ஆண்டில்தான் தொடங்கும். ஆனால் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நகருக்குக் காவல் அமைப்பு இருந்தது. அதன் தடத்தை மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட இடப்பெயர்கள் காத்து வைத்துள்ளன. இடப்பெயர் ஆய்வு ஊர்த் தோற்றத்தை அறிய மட்டுமன்றி, நிறுவனங்களின் வரலாற்றை அறியவும் துணைபுரியும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

1. காவல் ஓர் உரிமை

தமிழ் மரபில் நகர்க்காவல் பழைமையானது. இரவில் மதுரை நகரைச் சுற்றிவரும் ஊர்காவலரை மதுரைக்காஞ்சி சித்திரிக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் காவல் பணியையும் அதற்காகப் பெறப்பட்ட வரியையும் ஒருசேரக் குறிக்கிறது. பிற்காலத்தில் ஊர்க்காவல் ‘தலங்காவல்’ எனவும், பல ஊர்களை உள்ளடக்கிய பாளையக்காரரின் காவல் ‘தேசகாவல்’ எனவும் வழங்கின. இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. காவல் புரிபவர் அதற்கு ஈடாக நிலமோ வரியோ பெறுவார். அவ்வுரிமை வழிவழியாக அவர் குடும்பத்தைச் சேரும்.

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னப்பட்டினத்திலும் இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகர்க்காவல் ‘பெத்தநாயக்கர்’ என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தெலுங்கில் ‘பெத்த’ என்பது ‘பெரிய’ எனப் பொருள்படும். எனவே இது தனிமனிதர் ஒருவரின் இயற்பெயர் அன்று. வழிவழி வந்த பதவிப்பெயர். அவருக்கு வரியில்லா நிலங்களும், நகருக்குள் வரும் பொருள்கள்மீது சிறு சுங்கம் பெறும் உரிமையும் அளிக்கப்பட்டன. அவர்கீழ்த் தலையாரிகள் இரவும் பகலும் காவல் புரிந்தனர்.

இம்முறையில் ஊன்றி நோக்கத்தக்கது ஈடு செய்யும் கடப்பாடு ஆகும். களவுபோன பொருளைக் கண்டுபிடிக்க இயலாவிடின் அதன் மதிப்பைப் பெத்தநாயக்கரே பொருளுக்கு உரியவருக்கு ஈடுசெய்ய வேண்டும். அதாவது, காவலின் தோல்விக்குக் காவலரே விலை கொடுத்தார். அவ்விலையும் இழந்தவரைச் சென்று சேர வேண்டியிருந்தது. மறுபுறம், பரம்பரை உரிமை என்பதால் திறமையற்றவரை விலக்குவது கடினமாக இருந்தது. சுங்க உரிமை முறைகேட்டிற்கும் இடமளித்தது. கம்பெனியின் ஆட்சி வலுப்பெற்றதும், 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாளையக்காரர்களின் காவல் உரிமைகள் மாகாணமெங்கும் பறிக்கப்பட்டன. சென்னை நகரிலும் பெத்தநாயக்கரின் பதவி மறைந்தது. அப்பெயர் மட்டும் நகரின் ஒரு பகுதிக்கு நிலைபெற்றது.

2. கொத்தவாலும் போலீசும்

‘கொத்தவால்’ என்பது பாரசீக, உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். முகலாயர் ஆட்சிப் பரப்பில் அது நகர்க்காவல் தலைவரைக் குறித்தது. சென்னையிலோ அங்காடிகளை மேற்பார்வையிட்ட அலுவலருக்கே அப்பெயர் பொருந்திற்று. ‘சாவடி’ என்பது பொதுவினை நிகழும் இடம். ஆகவே அங்காடி அலுவலர் அமர்ந்த இடம் கொத்தவால் சாவடி ஆயிற்று. பின்னர் அப்பெயர் அங்காடியையே குறித்து, பதவியின் நினைவு மறைந்தது.

காவல் தலைவரைக் குறித்த சொல் அங்காடி அலுவலரைக் குறிக்க வந்தமை தற்செயலன்று. 18ஆம் நூற்றாண்டில் ‘போலீஸ்’ என்னும் சொல்லே இன்றைய பொருளில் வழங்கவில்லை. அது நகர ஒழுங்கு முழுவதையும் சுட்டியது. ஆளுநர் ஜோசியாஸ் டூப்ரே காலத்தில் அமைக்கப்பட்ட போலீஸ் வாரியம் பொது ஒழுங்குடன் துப்புரவையும் கவனித்தது. வழக்கறிஞர் ஸ்டீபன் பாஃபம் 1782இல் அளித்த போலீஸ் திட்டத்தில் தெருக்களுக்கு வடிகால், தெருப்பெயர், தெருவிளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, மதுக்கடை உரிமம் ஆகியன இடம்பெற்றன. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் இடையே இருந்த அத்தாப்பள்ளம் என்னும் தாழ்நிலத்தை மேடாக்கிப் பிராட்வே சாலையை உருவாக்கியவரும் இவரே.

எனவே ‘காவல்’, ‘போலீஸ்’ ஆகிய இரு சொற்களும் தொடக்கத்தில் ஒன்றற்கொன்று மொழிபெயர்ப்புகள் அல்ல. முன்னது பொருளையும் உயிரையும் காப்பது. பின்னது நகரை ஒழுங்குபடுத்துவது. 1856இல் காவலுக்கு 13ஆம் சட்டமும், நகரத் துப்புரவுக்கு 14ஆம் சட்டமும் தனித்தனியே இயற்றப்பட்ட பின்னரே ‘போலீஸ்’ என்பதன் பொருள் சுருங்கி, ‘காவல்’ என்பதோடு ஒன்றாயிற்று. மக்கள் வழக்கிலோ காவல் நிலையம் ‘டாணா’ எனவும், காவலர் ‘டாணாக்காரர்’ எனவும் இந்துஸ்தானிச் சொல்லாலேயே வழங்கப்பட்டனர்.

3. எலியட்: காவலரும் நடுவரும்

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நகர்க்காவல் கண்காணிப்பாளரே தலைமை நடுவராகவும் விளங்கினார். இவ்விரு பொறுப்புகளையும் நெடுங்காலம் வகித்தவர் எட்வர்டு எலியட். ஆளுநராக இருந்த ஹியூ எலியட்டின் மைந்தரான இவர் பெயராலேயே எலியட்ஸ் கடற்கரை வழங்குகிறது. இவர் காலத்தில், 1842இல், எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள மாளிகை அருணகிரி முதலியாரிடமிருந்து 21,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டுக் காவல் அலுவலகமாயிற்று. ஆணையர் அலுவலகம் 2013இல் வேப்பேரிக்கு மாறிய பின்னர், 2021இல் அம்மாளிகை காவல் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

எலியட்டின் வரலாற்று முதன்மை கடற்கரைப் பெயரில் அடங்குவதன்று. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்கும் குற்ற ஒப்புதல் பெறுவதற்கும் அலுவலர்கள் மக்களைத் துன்புறுத்துவதாக எழுந்த முறையீட்டை ஆராய அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழுவில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் இடம்பெற்றனர். 1855இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, சித்திரவதை நிகழ்வது உண்மையே என உறுதிசெய்தது. 1816 முதல் மாவட்டங்களில் தாசில்தாரே வரி அதிகாரியாகவும் காவல் தலைவராகவும் இருந்தமை இதற்கு ஒரு முதன்மைக் காரணமாக அமைந்தது. இதன் தொடர்ச்சியாக 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் மாவட்டக் காவலை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. அதிகாரக் குவிப்பின் தீங்கை ஆராய்ந்த குழுவில், காவலையும் நடுவத்தையும் ஒருங்கே வகித்த ஒருவர் அமர்ந்திருந்தமை அக்காலத்தின் முரணைக் காட்டுகிறது.

4. ஆணையர் முறை

1856ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையின் முதல் காவல் ஆணையராகப் போல்டர்சன் பொறுப்பேற்றார். அடுத்து வந்த 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் ஆணையரின் அதிகாரங்களை விரிவாக வகுத்தது. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் அதன் 41ஆம் பிரிவு விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்து பயன்பட்டு வந்துள்ளது. மாவட்டங்களில் ஆட்சியரிடம் இருக்கும் நிர்வாக நடுவர் அதிகாரங்கள் பல, ஆணையர் முறையில் காவல் அலுவலரிடமே உள்ளன. ஆகவே எலியட்டிடம் இருந்த இரட்டைத்தன்மை முற்றிலும் நீங்கிவிடவில்லை எனலாம்.

அலுவலர் வரிசையிலும் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. ஆணையர் பதவி தோன்றி 63 ஆண்டுகளுக்குப் பின்னர், 1919இல், பராங்குசம் நாயுடு முதல் இந்திய ஆணையரானார். தமிழகக் காவல் பணியில் பெண்கள் 1973இல் சேர்க்கப்பட்டனர். ஆணையர் பதவியின் 150ஆம் ஆண்டான 2006இல் லத்திகா சரண் முதல் பெண் ஆணையரானார். 2022இல் ஆவடி, தாம்பரம் ஆகியன தனி ஆணையரகங்களாயின.

இன்று துணை ஆணையர் ஒருவரின் பொறுப்பிலுள்ள பூக்கடைக் காவல் மாவட்டம் பழைய பெத்தநாயக்கன்பேட்டையை உள்ளடக்கியது. காய்கறி அங்காடி 1996இல் கோயம்பேட்டிற்குச் சென்றுவிட்ட போதிலும், அம்மாவட்டத்தில் ஒரு காவல் நிலையம் கொத்தவால் சாவடி என்றே பெயர் தாங்கியுள்ளது. பழைய பதவியின் பெயர் புதிய பதவியின் முகவரியாயிற்று.

முடிவுரை

1. பெத்தநாயக்கன்பேட்டை பரம்பரைக் காவலையும், கொத்தவால் சாவடி அங்காடி ஒழுங்கையும், எலியட்ஸ் கடற்கரை ஊதியப் பதவியையும் நினைவூட்டுகின்றன. முதலிரண்டும் பதவிப்பெயர்கள்; மூன்றாவது தனிமனிதர் பெயர். பதவி பரம்பரையிலிருந்து விடுபட்ட பின்னர் அலுவலரின் சொந்தப் பெயர் இடப்பெயராகிறது.

2. உரிமை பதவியாக மாறியபோது காவலரின் பொறுப்பு இழந்தவரை நோக்கியதாக இல்லாமல் மேலதிகாரியை நோக்கியதாயிற்று. பரம்பரை ஆதிக்கம் ஒழிந்தது பெரும்பேறே. எனினும் ஈடு செய்யும் கடப்பாடும் அதனுடன் மறைந்தது. 2008ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டத்தைக் கொணர்ந்தபோது, அக்கடப்பாடு வேறொரு வடிவில், அரசின்மேல், மீண்டும் அமர்ந்தது.

3. இம்மூன்று பெயர்களும் தலைமை வகித்தவர்களையே நினைவுகூர்கின்றன. இரவெல்லாம் தெருக்களைச் சுற்றிவந்த தலையாரிகளுள் ஒருவர் பெயரும் இவற்றில் இல்லை. நகரக் காவலின் வரலாறு முழுமை பெற, வாய்மொழி வழக்காறுகளிலும் நகர ஆவணங்களிலும் அக்கடைநிலைக் காவலர்களைத் தேடுவது தமிழாய்வு மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும்.