குமிழா, திறப்பா?

பழைய மொறிஸ் மைனர் காரில் ஏறி அமர்ந்தவர்கள் அறிவார்கள்: திறப்பைத் திருப்பியதும் அவ்வண்டி உயிர்பெற்றுவிடுவதில்லை. முகப்புப் பலகையிலுள்ள சிறு குமிழைப் பிடித்து இழுத்தால் மாத்திரமே ஸ்ராட்டர் சுழலும், எஞ்சின் விழித்தெழும். 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான அவ்வண்டிக்குத் திறப்பினாலேயே ஸ்ராட்டரை இயக்கும் வசதி 1964இலேதான் வாய்த்தது. எங்கள் வீட்டில் நிற்பது 1958ஆம் ஆண்டு வண்டி. ஆகவே குமிழ்தான்.

இக்குமிழ் எதற்கு என்று வினவுவோர் உண்டு. ஸ்ராட்டர் சுழல்வதற்கு நூறு அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். திறப்பின் பின்னாலுள்ள மெல்லிய இணைப்புக்கள் அதைத் தாங்கா, கருகிப்போகும். எனவே, குமிழிலிருந்து ஓர் உருக்குக் கம்பி பொனற்றின் கீழே சென்று, அங்குள்ள விசையில் தடித்த செப்புத் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்துகின்றது. சாரதியின் கைவலிமையே மின்சாரத்துக்குக் கதவு திறக்கின்றது.

கதவு திறந்து மூடுந்தோறும் பொறி பறக்கும். பல்லாண்டுகள் செல்ல, செப்பின் முகம் கறுத்துக் குழிவிழும். பின்னர் ஒருநாள் குமிழை இழுத்தால் ஓர் ஒலி மட்டும் கேட்கும், எஞ்சின் அசையாது. உடனே விசையைக் குறைகூறுவது நீதியன்று. இரவில் முன்விளக்குகளை எரியவிட்டுக் குமிழை இழுத்துப் பாருங்கள். விளக்கு மிகவும் மங்கினால், நோய் பெரும்பாலும் பற்றரியிலோ அதன் முனைகளிலோ இருக்கின்றது. மங்கவேயில்லையெனில், மின்சாரம் ஸ்ராட்டரைச் சென்றடையவில்லை, விசையை ஐயுறலாம். அப்போதும் எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பட்டியைப் பார்க்க மறவாதீர்கள். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால், அப்பட்டி தளர்ந்தால் மின்சாரம் சோக் கம்பி வழியே பாய முயலும். கம்பி சூடேறிப் புகையும்.

எங்கள் வண்டியில் பழுது விசையிலேதான் இருந்தது. சொலினொயிட் பொருத்திவிடுவோம் என்றான் மகன். அவன் கூற்றில் நியாயமுண்டு. திறப்பிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் ஒரு கம்பிச் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் தடித்த தகடுகளை இழுத்து இணைக்கும். கைக்கு உழைப்பில்லை. ஆயினும் என் மனம் தயங்கியது. அதற்குக் காரணம் பழைய இரவொன்று.

1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருளாதாரத் தடை நிலவிய காலம். பெற்றோலும் பற்றரியும் அரிதாகிவிட, இப்பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. 1992 மாரியில் ஓரிரவு அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை. எங்கள் பற்றரி எஞ்சினில் பொறி தட்டப் போதுமானதாயிருந்ததேயன்றி, ஸ்ராட்டரைச் சுழற்ற வலுவற்றது. ஐயா காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டார். வண்டியின் முன்னே குனிந்து இரும்பு ஹாண்டிலைச் செருகினார். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியாதிருக்கப் பெருவிரலையும் மற்றைய விரல்களின் பக்கமாகவே வைத்துக்கொண்டார். ஜாம்போத்தல் விளக்கை நான் பிடித்தேன். மூன்றாம் முறையில் எஞ்சின் முழங்கியது. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது.

ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழி இருந்தது. இதுவே அவ்வண்டியின் பெருமை. ஆகவே மகனிடம் ஒரு நிபந்தனை விதித்தேன்: புதியது வரட்டும், பழையது போகவேண்டாம்.

முதலில் பற்றரியைக் கழற்றினோம். மைனரில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அதையே முதலில் அகற்றவேண்டும். பழுதான விசைக்குப் பதிலாக அதே வகையில் புதியதொன்றைப் பொருத்தினோம். அதன் பக்கத்திலே சொலினொயிட்டைச் சமாந்தரமாக இணைத்தோம். திறப்பு விசையையும் ஸ்ராட்டர் நிலையுள்ளதாக மாற்றினோம். உடலில் புதுத் துளை எதுவும் இடவில்லை. நாளை ஒருவர் விரும்பினால் வண்டியைப் பழைய நிலைக்கே மீட்கலாம்.

இப்போது மகன் திறப்பைத் திருப்புகின்றான். நான் குமிழை இழுக்கின்றேன். எஞ்சின் இருவருக்கும் பணிகின்றது. வண்டியின் பின்பெட்டியிலே, எண்ணெய் பூசிய துணியில் சுற்றப்பட்டு, ஐயாவின் ஹாண்டில் கிடக்கின்றது.