குளியலறைச் சுவரும் கிட்டங்கிச் சரக்கும்

வீடும் கடையும் ஒரே மனையில் அமைந்த வணிகர்கள் நம்மில் பலர். இடம் போதாமல், வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி, அதையே கிட்டங்கியாக வைத்திருப்போம். அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை இருந்தால் வந்தது வினை. சீனி கட்டி தட்டுவதும், வெல்லம் கசிவதும், மிளகாய் வற்றலில் பூஞ்சணம் பிடிப்பதும் சுவரோரத்து அட்டியில்தான் முதலில் தெரியும். வற்றலிலும் நிலக்கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதும் போகாது. மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்று தள்ளிவிடும் சங்கதி அல்ல இது.

சுவரில் உப்புப் பூத்தால் நாம் கிட்டங்கிப் பக்கம் சுரண்டிப் பூசி, பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த மழைக்குள் கொப்பளித்து உதிர்கிறது. உதிராமல் நின்றாலும் நல்லதல்ல. வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கிப் பரவும். தண்ணீர் நுழையும் பக்கத்தில் தடுப்பதே முறை.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். ஒரு முழச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒருநாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துப் பூத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் பூத்தால் கிட்டங்கியில் காற்றோட்டம் போதாது. அதற்குக் கொத்தனார் வேண்டாம், ஜன்னல் போதும். சாய்ப்புத் தகரம் சுவரில் சேரும் இடத்தில் மழைநீர் இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

குளியலறைதான் காரணம் என்றால் டைலை எடுத்தே ஆகவேண்டும். டைல் தண்ணீர் விடாது. டைல்களுக்கு இடையே அடைத்த சிமெண்ட் விடும். ஷவர் தினமும் நனைக்கும் சுவரில் இது போதாதா? பழைய பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மாசி, பங்குனி உகந்தது. சுவருக்குள் போகும் குழாய்களை மூடுமுன் பிளம்பரிடம் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புதுப் பூச்சில் நீர்காப்புத் திரவம் கலக்கவேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி என்பது பெரும்பாலான டப்பாக்களில் கண்ட அளவு. பூச்சு காய்ந்தபின், பாலிமர் திரவமும் சிமெண்ட் பொடியும் கலந்த பூச்சை இரண்டு கை அடிக்கவேண்டும். முதல் கை நெடுக்காக என்றால் அடுத்தது குறுக்காக. ஷவர் பக்கம் 7 அடி உயரம், மற்றச் சுவர்களில் ஓரடி. தரையும் சுவரும் சேரும் மூலையில் கண்ணாடியிழை வலை வைக்காவிட்டால் அங்கேதான் வெடிக்கும். பிறகு வடிகாலை அடைத்து, தரையில் நீர் தேக்கி, 48 மணி நேரம் மட்டத்தைக் கவனியுங்கள். டைல் அதற்குப் பிறகுதான். கொத்தனார் அவசரப்படுத்துவார், கடைசித் தவணைப் பணம் நம் கையில் இருக்கட்டும்.

சமவெளியில் இவ்வளவு போதும். உதகை, கொடைக்கானல் வணிகர்களுக்கு இன்னொன்று உண்டு. வெந்நீர் ஆவி குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டு நீராகிறது. அங்கே உட்புறம் தெர்மோகோல் பலகை பதிப்பதானால், ஆவி புகாத தடுப்பு பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அல்ல, பலகைக்கு முன்னே குளியலறைப் பக்கம் வரவேண்டும். ஆவி வெளியேற மின்விசிறியும் அவசியம்.

சுவர் சரியானாலும் மூட்டையை அதில் சாய்க்க வேண்டாம். உணவுப் பாதுகாப்பு விதிகளும் சரக்கைத் தரைக்கு மேலே, சுவரை விட்டுத் தள்ளி வைக்கவே சொல்கின்றன. ஆள் நுழைந்து கூட்டும் அளவுக்கு இடைவெளி விட்டு, மரச்சட்டத்தின் மேல் அட்டி போடுங்கள்.