அலுமினியப் படகில் சிறு விரிசல்

சான்பாடாவின் மேற்கே தாணே உப்பங்கழி கிடக்கிறது. அதனைக் காணும்போதெல்லாம், கடற்கரை ஊர்களிலே படகை நம்பி வாழும் நம் உறவினரை நாம் நினைக்கிறோம். அவர்களுக்கும் பயன்படுமென்றே இதனை எழுதுகிறோம்.

அலுமினியம் நமக்குப் புதியதன்று. 1898-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். ஆனால் அடுப்பிலிருக்கும் பாத்திரம் வேறு, அலையில் ஆடும் படகு வேறு. ஒவ்வோர் அலையும் படகின் தகட்டைச் சிறிதளவு வளைத்து நிமிர்த்துகிறது. ஓரிடமே பன்முறை வளைந்தால் உலோகம் களைத்துவிடும். ரிவெட் துளையருகிலோ பற்றவைத்த ஓரத்திலோ மயிரிழை போன்ற விரிசல் பிறக்கும்.

அந்த விரிசலின் கூரிய நுனியிலேதான் விசை முழுவதும் குவிகிறது. மேலே பசையை அப்பிவிட்டால் ஒழுக்கு நிற்கும். நுனியோ மறைவில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆதலின் முதல் வேலை, விரிசலின் இரு முனைகளிலும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் துளையிடுவதாகும். கூர்முனை வட்டமாகிவிடுமாதலால் விசை பரவி, விரிசல் மேலும் ஓடாது தடைப்படும்.

விரிசலைக் கண்டுபிடிக்க, படகைக் கட்டைகளின்மேல் ஏற்றி, உள்ளே சிறிது நீர் ஊற்றி, வெளியே கசியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தல் எளிய வழி. பின்னர் நன்கு உலர்த்தி, வேறு உலோகத்திற்குப் பயன்படுத்தாத துருப்பிடியா எஃகுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன்மேல் படரும் ஆக்சைடுப் படலமோ 2,000 பாகைக்கு மேலேதான் உருகும். படலம் நீங்காவிடில் ஒட்டு நிலைக்காது. உருகுமுன் இவ்வுலோகம் சிவந்து எச்சரிப்பதுமில்லை. எனவே ஆர்கான் வெல்டிங்கில் தேர்ந்தவரிடமே இப்பணியை ஒப்படைத்தல் நலம். அதற்குமுன் பெட்ரோல் தொட்டியை அகற்றிவிட வேண்டும். ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும், உயிருக்கே ஆபத்து. துளையிட்டபின் எபாக்சி பூசி, அலுமினியத் துண்டை அலுமினிய ரிவெட்டால் பதிப்பது கரை சேர்வதற்கான தற்காலிக உதவியே.

இனி உப்புநீரின் குணத்தையும் அறிக. 1895-இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட 'டிஃபெண்டர்' என்னும் பந்தயப் பாய்க்கப்பலில் நீருக்குமேல் அலுமினியமும், கீழே வெண்கலமும், உள்ளே எஃகுச் சட்டங்களும் அமைத்தனர். அவ்வாண்டே அது அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் வென்றது. ஆயினும் உப்புநீரில் வேற்று உலோகங்கள் தொட்டுநின்றமையால் அலுமினியம் அரிக்கப்பட்டு, 1901-இல் கப்பல் உடைக்கப்பட்டது. ஆகவே செம்பு கலந்த வண்ணம் பூசலாகாது; பித்தளைத் திருகு முடுக்கலாகாது; படகின் அடியில் செப்புக் கம்பித் துண்டு கிடக்கவும் விடலாகாது.

பழுது பார்த்தபின் மீண்டும் நீரூற்றிச் சோதித்த பிறகே படகை இறக்க வேண்டும். ஊருக்குப் பேசும்போது இதனையும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போமாக.