இயக்க நரம்பு மண்டலச் சிதைவும் அசைவுக் குறிகளும்: மதராஸ் இயக்க நரம்பணு நோயை முன்வைத்து

முன்னுரை

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாடு போன்ற ஊர்களின் நோயாளி, மூளைப் படம் எடுக்கச் சமவெளிக்கு இறங்க வேண்டும். அதற்கு முன்னரே, நரம்பு மண்டலத்தின் எப்பகுதி பழுதுற்றது என்பதை உடலின் குறிகள் உணர்த்திவிடுகின்றன. அக்குறிகள் தோன்றும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இழப்பும் விடுபடலும்

இயக்கக் குறிகளை இழப்புக் குறிகள், விடுபடல் குறிகள் என இருவகைப்படுத்தலாம். இப்பாகுபாட்டை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர் ஹூலிங்ஸ் ஜாக்சன் வலியுறுத்தினார். பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் மேல் இயக்க நரம்பணுக்கள் அசைவை ஏவுவதோடு, தண்டுவட மறிவினைகளை அடக்கியும் வைக்கின்றன. அவை சிதைந்தால் வலுக்குறைவு இழப்பாகவும், விறைப்பும் மிகை மறிவினையும் விடுபடலாகவும் வெளிப்படும். உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேலெழுவது 1896இல் பாபின்ஸ்கி விவரித்த குறி. இறங்குபாதை முதிராத கைக்குழந்தையிடம் இஃது இயல்பு. வளர்ந்தோரிடம் காணப்படின் அடக்கம் நீங்கியதைக் காட்டும்.

மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள கீழ் இயக்க நரம்பணுக்கள் தசையை நேரடியாக ஏவுவன. அவை அழிந்தால் தசை மெலியும், தளரும், துடிக்கும், மறிவினை குன்றும். சிறுமூளை பழுதுற்றாலோ, இலக்கை நெருங்கும்போது கை நடுங்கும்.

மதராஸ் நோய்

1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் இளவயதினரிடம் கண்ட தனிவகை இயக்க நரம்பணு நோயை விவரித்தனர். பெரும்பாலும் 30 வயதிற்குள் தொடங்கும் இந்நோய் மெல்ல முற்றும். கைகால் மெலிவு, முகம், நாக்கு, தொண்டைத் தசைகளின் வலுக்குறைவு, செவித்திறன் இழப்பு ஆகியன இதில் சேர்ந்து வரும். தென்னிந்தியாவிலேயே இது மிகுதியாகப் பதிவாகியுள்ளது.

குறிகளின் கூட்டே இந்நோயின் அடையாளம். மெலிந்த உறுப்பில் மறிவினை குன்றியிருத்தலே எதிர்பார்க்கத்தக்கது. மாறாக அது மிகுந்தும், பெருவிரல் மேலெழுந்தும் காணப்படின் மேல், கீழ் நரம்பணுக்கள் இரண்டுமே தாக்கப்பட்டமை பெறப்படும். செவிப்புலன் இயக்க மண்டலத்தைச் சாராதது. ஆகவே பெயர் இயக்கத்தை மட்டும் சுட்டினும் சிதைவு அதற்கு அப்பாலும் பரவுகிறது.

முடிவுரை

மெலிவும் மிகை மறிவினையும் ஏ.எல்.எஸ். நோயிலும் இணைந்தே தோன்றும். ஆயின் அது பெரும்பாலும் நடுவயதிற்குப் பின் தொடங்கிச் சில ஆண்டுகளில் உயிரைப் பறிப்பது. செவியைப் பொதுவாகத் தாக்காதது. மதராஸ் நோயுற்றோர் பல்லாண்டுகள் வாழ்வர். செவிக்குறையையும் கை மெலிவையும் தனித்தனி நோய்களாகக் கொண்டால் இவ்வேறுபாடு மறைந்து, நெடுங்காலம் வாழவுள்ள இளைஞர் ஒருவர் தவறான முன்கணிப்பைப் பெறுவார். அதனைத் தவிர்க்க, மறிவினைச் சுத்தியலையும் இசைக்கவையையும் கொண்ட முறையான சோதனையே முதற்படி.