முத்திரை இல்லாத உறைகள்

பழைய ஜெர்மன் கடித உறைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு முத்திரையைக் கழற்றி எடுக்கலாமா என்று ஒலுவில் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டவே வேண்டாம். யுத்தகால ஜெர்மன் தபாலைச் சேகரிப்பவர்கள் ஆசையாய்த் தேடும் உறைகள் பலவற்றில் முத்திரையே இருக்காது.

இலங்கையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டதும் இங்கிருந்த ஜெர்மானியர்கள் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1911இல் தொடந்துவைக்கருகே தீவு மடத்தை நிறுவிய ஞானதிலோக தேரரும் அவர்களில் ஒருவர். முதல் மகாயுத்தத்திலும் அவர் அங்கே அடைபட்டிருந்தவர்தான். அவருடைய சீடர் ஞானபோனிக தேரரோ யூதக் குடும்பத்தில் பிறந்து ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர். அவரையும் விடவில்லை. ஜப்பான் நெருங்கிய 1942இல் இவர்களை இந்தியாவின் டேராடூனுக்குக் கொண்டுபோனார்கள். இரு தேரர்களும் இலங்கைக்குத் திரும்பியது 1946இல்.

முகாம் கைதிகளின் கடிதத்துக்குத் தபால் கட்டணம் இல்லை. ஆகவே உறையில் முத்திரைக்குப் பதிலாகச் சீல்கள்தான். ஜெர்மனிக்குப் போன கடிதமானால், அங்குள்ள தணிக்கையாளர் உறையின் ஓர் ஓரத்தை வெட்டிப் படித்துவிட்டு, காகிதப் பட்டி ஒட்டி மூடி, கழுகுச் சின்னமுள்ள வட்டச் சீல் குத்துவார். அதற்குள் ஒரு சின்ன எழுத்து இருக்கும். 'பி' என்றால் பெர்லின், 'டி' மியூனிக், 'ஈ' பிராங்பர்ட். எந்த ஊரில் பிரித்தார்கள் என்று தெரிந்தால் கடிதம் வந்த வழியையும் ஓரளவு ஊகிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சில கடிதங்களின் குறுக்கே, எழுத்தின் மேலாகவே, சாயம் ஏறிய சாய்வுக் கோடுகள் ஓடும். பார்த்தால் பிள்ளைகள் தூரிகையை இழுத்து விளையாடியது போலிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மையில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க, தணிக்கையாளர் தூரிகையை இரசாயனத்தில் தோய்த்து இழுத்த தடம் அது. வீட்டுச் சுகம் விசாரித்து எழுதிய வரிகளும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. அழுக்கென்று நினைத்து இதைத் துடைத்தவர் ஆதாரத்தையே துடைத்துவிடுகிறார்.

ஜெர்மன் படைவீரர்களின் ஃபெல்ட்போஸ்ட் (படைத் தபால்) கடிதங்களும் இலவசம்தான். அவற்றில் படைப்பிரிவின் பெயரோ இடமோ இராது. ஐந்து இலக்க எண் மட்டும். இந்த வகையில் போலிகள் ஏராளம். ஸ்வஸ்திகாவின் கவர்ச்சிக்காக மட்டும் வாங்குகிறவர்கள் இருக்கும்வரை போலிச் சீல் குத்துகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு கொடுமையின் சான்றை அலங்காரப் பொருளாக்குவது வெட்கக்கேடு.

நம் கரையிலும் இப்படிச் சேர்த்து வைக்க வேண்டியவை உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே வேலையிலிருந்த இலங்கையர் ஏராளம். அந்த மாதங்களில் அங்கிருந்து கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வீடுகளுக்கு வந்த கடிதம் எதுவும் இன்று ஒரு யுத்த ஆவணம். 2004 சுனாமிக்குத் தப்பிய உறைகளை அலுமாரி துப்புரவாக்கும்போது குப்பையில் போடாதீர்கள். முத்திரையை வெட்டாமல், கடிதத்தை உறையோடு சேர்த்தே வையுங்கள். லேமினேட் செய்யக் கூடாது; பிவிசி பிளாஸ்டிக் உறையும் காலப்போக்கில் காகிதத்தைக் கெடுக்கும். கடற்காற்றின் ஈரத்தில் பழுப்புப் புள்ளி விழும் என்பதால், வெளிச் சுவரை ஒட்டிய அலுமாரியைத் தவிர்த்து, அமிலமில்லாத தாளில் சுற்றி வைப்பது நல்லது.