சோதனை நிரலும் நடை எச்சரிக்கைகளும்

‘பினாங்கு’ என்பதில் எத்தனை எழுத்து? நாம் நான்கு என்போம். பைத்தான் மொழி எட்டு என்னும். யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆகவே தமிழ்ச் சொற்களை வைத்துச் சோதனை நிரல் எழுதினால், சிறியதாகத் தெரியும் வரிக்கும் ‘ஃபிளேக்8’ சரிபார்ப்பி ‘ஈ501’ எச்சரிக்கை தரும். வரிக்கு 79 குறிகளே என்பது 2001-இல் எழுந்த ‘பெப்8’ நடைவிதி. இதற்காகச் சோதனைத் தரவை வெட்டிச் சிதைக்காதீர்கள், நண்பர்களே. அவ்வரியின் இறுதியில் மட்டும் ‘# நோக்யூஏ: ஈ501’ என்று (ஆங்கில எழுத்தில்தான்!) விலக்கு எழுதினால் போதும்.

எரிச்சலில் எல்லா எச்சரிக்கைகளையும் அணைத்துவிடுவோர் உண்டு. அங்கேதான் ஆபத்து. ஒரு சோதனையை நகலெடுத்துப் பெயர் மாற்ற மறந்தால், பின்னது முன்னதை மறைத்துவிடும். முதல் சோதனை ஓடவே ஓடாது. முடிவோ பச்சையாகவே தெரியும். அதைச் சுட்டிக்காட்டுவது ‘எஃப்811’. அதையும் சேர்த்தல்லவா அணைத்திருப்போம்!